ஏழாம் நம்பர் பஸ்ஸின் நாற்பத்து நான்கு அத்தியாயங்கள்

சரித்திரக் காதல் நாவல் எழுதும் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: சரித்திரம் உண்மையா, காதல் உண்மையா என்று ஒருவரும் கேட்பதில்லை, எத்தனை பக்கம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நீங்களும் எழுதி மாட்டிக்கொண்டவர் என்றால் இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நோட்டில் எழுதித் துணிகளுக்கு அடியில் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எனக்கு இது முழுநேர வேலை இல்லை. வரலாற்றில் பி.ஏ. முடித்துவிட்டு, ஒரகடத்தில் கார்களுக்கான வயர் கட்டுகள் செய்யும் ஒரு கம்பெனியில், தரப் பிரிவில் இருக்கிறேன். வருகிற காகிதத்துக்கு நம்பர் போட்டு உரிய ஃபைலில் வைப்பது என் வேலை; பயிற்சிக்கு வருகிறவர்களின் ஃபைல்களும் என்னிடம்தான். அதிகம் பேச வேண்டியதில்லை, அதனாலேயே பிடித்திருந்தது. மற்ற நேரமெல்லாம் பல்லவர் காலத்தில் இருந்தேன். செப்பேட்டில் எழுத்து வெட்டுகிற சாத்தன், ஏரியின் மதகைக் காக்கிற நங்கை என்று இரண்டு பேர். ஏரியின் எல்லையை மாற்றி வெட்டச் சொல்லி மேலிடத்தில் சாத்தனை மிரட்டுகிறார்கள். அவன் மாட்டேன் என்று ஊரை விட்டு ஓடுகிறான். நங்கை காத்திருக்கிறாள். இருபத்தைந்து அத்தியாயங்களில் கதை முடிந்துவிட்டது. அப்படித்தான் நினைத்தேன்.

ஒல்லி முதுகு

கல்லூரியில் எனக்குப் பாடம் நடத்திய ஆசிரியை ஒரு பதிப்பாளரின் விலாசம் கொடுத்தார். வார விடுமுறை நாளில் நோட்டுகளை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். அறை முழுக்க கட்டுக் கட்டாகப் புத்தகங்கள். அவர் நோட்டை வாங்கி முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி நம்பரைப் பார்த்தார். ஒரு பக்கத்தில் எத்தனை வரி என்று விரலால் எண்ணினார். மனதுக்குள் ஏதோ பெருக்கி, “அச்சுல நூத்து முப்பது” என்றார்.

கதை என்ன என்று அவர் கேட்பார் என்று பஸ்ஸில் வரும்போதே நான்கு வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவை அப்படியே இருந்தன. நோட்டைத் திரும்ப என் பக்கம் தள்ளிவிட்டு அவர் சொன்னார்: “நூத்து முப்பதுக்கு முதுகே ஒல்லியா இருக்கும்மா, பேரை எறும்பு மாதிரி அடிக்கணும். சரித்திரம்னா கையில எடுத்தா ஒரு கனம் வேணாமா? இருநூறுக்கு மேல கொண்டா, அப்புறம் கதையைப் பாப்போம்.”

பிள்ளைப்பாக்கம் வரை

அதன் பிறகு நோட்டு என் பையிலேயே கிடந்தது. காலை ஷிஃப்ட் முடிந்து மதியம் இரண்டே முக்காலுக்குத் திரும்புகிற பஸ்ஸில், எதைச் சேர்க்கலாம் என்று ஒருநாள் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் ஸ்டெல்லா அக்கா. வயர் முனைகளை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் லைனில் பத்து வருட அனுபவம், ஊர் பிள்ளைப்பாக்கம். ஒரு வார்த்தை கேட்காமல் நோட்டை வாங்கி வாய்க்குள் படிக்க ஆரம்பித்தவர், இரண்டாவது பாராவில் தன்னை மறந்து உரக்கப் படித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் வேதவாசகம் படிக்கிற குரல் அது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்று தெரிந்த குரல். என் வாக்கியங்கள் அவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை. முன் சீட்டிலிருந்த ஒரு பெண் திரும்பி, சீட்டின் மேல் முட்டி போட்டு உட்கார்ந்து கேட்டாள். அவள்தான் முத்துலட்சுமி.

கம்பெனி கேட்டிலிருந்து கிளம்பி, வடக்குப்பட்டு திருப்பம் தாண்டி, பிள்ளைப்பாக்கத்தில் ஸ்டெல்லா அக்கா இறங்கும்வரை இருபத்திரண்டு நிமிடம். அதற்குப் பிறகு படிக்க ஆளில்லை. என்னை ஒருமுறை படிக்கச் சொன்னார்கள். மூன்று வரி படித்தேன். பின் சீட்டில், “டேப் ஓடுதா, நின்னுபோச்சா?” என்று கேட்டார்கள். அதோடு விட்டுவிட்டேன். ஆகவே ஒரு அத்தியாயம் என்பது இருபத்திரண்டு நிமிடம் என்று ஆகிவிட்டது. நீளமானவற்றை வெட்டினேன், குட்டையானவற்றை ஒட்டினேன். மதிய ஷிஃப்ட் வாரங்களில் போகும்போது வாசிப்பு, பிள்ளைப்பாக்கத்தில் தொடங்கி கேட் வரை.

ஏழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறவர் ஏழுமலை அண்ணன். அவர் கதை கேட்கிறார் என்றே எங்களுக்குத் தெரியாது. எட்டாம் அத்தியாயத்தின் முடிவில், குதிரை வீரர்கள் சாத்தனைச் சுற்றி வளைத்த இடத்தில் ஸ்டெல்லா அக்கா நோட்டை மூடிவிட்டுப் படியில் இறங்கினார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஏழுமலை அண்ணன் குரல் கொடுத்தார்: “இன்னாம்மா இது, நாலு பேரு அவன சுத்தி நின்னுகினு கீறானுங்க, நீ பாட்டுக்கு எறங்கிப் போற? நா வோணா உன்ன வூட்டாண்டயே வுடட்டா?”

கன்டெய்னர் லாரி

இருபத்து மூன்றாம் அத்தியாயம் படித்த அன்று ஒரகடம் சந்திப்பில் ஒரு கன்டெய்னர் லாரி திரும்பும்போது குறுக்கே நின்றுவிட்டது. முன்னால் நூறு வண்டி, பின்னால் நூறு வண்டி. இருபத்திரண்டு நிமிடத்தில் அத்தியாயம் முடிந்துவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் எங்கள் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டி இன்னும் தெரிந்தது. “அடுத்தத எடு கண்ணு” என்றார் ஸ்டெல்லா அக்கா.

அடுத்த இரண்டு அத்தியாயங்களும் என் பையில் இருந்தன. கொடுத்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அப்போது என்ன நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒன்றரை வருடம் அதே பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன், என் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. கதை தொடங்கிய பிறகுதான் ஏறியதும், “அக்கா, இங்க உக்காருங்க” என்று நான்கு இடங்களிலிருந்து கூப்பிட்டார்கள். கதை முடிந்தால் மறுநாள் எல்லோரும் காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். “இன்னும் எழுதலைக்கா” என்று சொன்னேன்.

ஸ்டெல்லா அக்கா விடவில்லை. “எழுதலன்னா இன்னா? என் காதுல சொல்லு, நா சொல்றேன்.” சாத்தன் திரும்பி வருகிற படகு புயலில் சிக்கியது என்று அவர் காதில் சொன்னேன். அவர் எழுந்து நின்று பஸ் முழுக்கக் கேட்கும்படி புயலை அடிக்க விட்டார். பாய்மரம் ஒடிந்தது. படகு தெற்கே, எங்கோ போயிற்று. லாரி நகரும்போது சாத்தன் ஊருக்கு முன்பிருந்ததைவிட வெகு தூரத்தில் இருந்தான்.

எல்லோரும் ஏமாற்றத்தில் கத்தினார்கள். முத்துலட்சுமி மட்டும் சிரித்த முகமாக இருந்தாள். பரமக்குடிப் பக்கம் அவளுக்கு. இரண்டு வருடப் பயிற்சிக்கு வந்தவள். அஞ்சல் வழியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். சீட்டின் மேலிருந்து குனிந்து என்னிடம் மட்டும் சொன்னாள்: “நல்லவேளைக்கா, இன்னைக்கே முடிஞ்சிருமோன்னு எனக்குப் பகீர்னு ஆயிருச்சு.”

ஏழு விதமான விரயம்

அந்தப் புயலிலிருந்து பத்தொன்பது அத்தியாயங்கள் பிறந்தன. படகு ஒரு தீவில் ஒதுங்கியது. சாத்தனுக்குக் காய்ச்சல் வந்தது. நங்கைக்கு ஒரு பொய்ச் செய்தி வந்தது, பிறகு அது பொய் என்று தெரிந்தது. ஒரு வணிகர் கூட்டம் வந்தது, போயிற்று. பதிப்பாளரின் இருநூறு பக்கத்துக்காகத்தான் எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுதுகிறவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்கிற காரணங்களை நம்பக் கூடாது என்பது உங்களுக்கும் தெரியும்.

எங்கள் பிரிவின் சீனியர் பிரபு சார் மேஜையில் நோட்டைப் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று பயந்தேன். தேநீர் இடைவேளையில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, ஆய்வு அறிக்கை படிப்பது போல, பென்சிலை வைத்துக்கொண்டு படித்தார். எங்கள் அறைச் சுவரில் உற்பத்தியில் நடக்கும் ஏழு விதமான விரயங்களைப் பற்றி ஒரு விளக்கப்படம் ஒட்டியிருக்கும். அளவுக்கு மேல் செய்வது, தேவையில்லாமல் தூக்கிப்போவது, சும்மா காத்திருப்பது என்று வரிசையாக. அவர் அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் முத்துலட்சுமியை வேறு லைனுக்கு மாற்றினார்கள். அந்த லைனுக்கு எங்களுக்கு எதிர் ஷிஃப்ட். நாங்கள் காலை என்றால் அவள் மதியம். இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் இடையிடையே ஏழாம் நம்பர் பஸ்ஸில் முன் சீட்டில் முட்டி போட்டு உட்கார்ந்திருப்பாள். எப்படி என்று நான் கேட்கவில்லை. வந்தாளே என்ற சந்தோஷம் எனக்குப் போதுமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் பிரபு சார் சொன்னதைக்கூட நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் சொன்னது இதுதான்: “புயலுக்கு அப்புறம் ப்ராசஸ் எதுவும் நடக்கலம்மா, வெயிட்டிங் மட்டும்தான் இருக்கு. கஸ்டமர் அதுக்கும் சேர்த்து நேரம் குடுக்கறாங்கங்கறத மறந்துடாத.”

என் ட்ரேயில் வந்த காகிதம்

கதை நாற்பதைத் தாண்டியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை என் ட்ரேயில் வந்த காகிதங்களில் ஒரு மெமோ இருந்தது. முன் அனுமதியில்லாமல் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டதற்கு விளக்கம் கேட்டு, முத்துலட்சுமியின் பெயருக்கு. அது இரண்டாவது மெமோ. முதலாவது அதன் பின்னால் இணைக்கப்பட்டிருந்தது. ஷிஃப்ட் மாற்ற வேண்டுமென்றால் ஒருநாள் முன்னால் எழுதிக் கொடுத்து இரண்டு சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவள் யாரோ ஒருத்தியிடம் வாய்ப்பேச்சாகச் சொல்லி, அவள் இடத்தில் இவள், இவள் இடத்தில் அவள் என்று நின்றிருக்கிறார்கள். காரணம் என்ற கட்டத்தில் “சொந்தக் காரணம்” என்று இரண்டிலும் எழுதியிருந்தாள்.

என் நோட்டில் ஒவ்வொரு அத்தியாயத்தின் மேலும் வாசித்த தேதி உண்டு. எடுத்துப் பார்த்தேன். முதல் மெமோ, சாத்தன் இறந்துவிட்டான் என்று நங்கைக்குப் பொய்ச் செய்தி வந்த நாள். இரண்டாவது, அது பொய் என்று தெரிந்த நாள். இரண்டும் நான் இழுத்ததில் இருந்தவை. இழுக்காமல் இருந்திருந்தால் அவளுக்கு லைன் மாறுவதற்கு முன்பே கதை முடிந்திருக்கும். காகிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. மூன்றாவது முறை நடந்தால் நீட்டிப்புக்குப் பெயர் பரிசீலிக்கப்படாது. பயிற்சி முடிகிறவர்களில் சிலரை மட்டும் இன்னொரு வருடம் வைத்துக்கொள்வார்கள். அந்தப் பட்டியல் மாதக் கடைசியில் வர இருந்தது. மெமோவுக்கு நம்பர் போட்டு, இரண்டு ஓட்டை போட்டு, அவளுடைய ஃபைலில் வைத்தேன். அதுதானே என் வேலை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ரீபெரும்புதூரில் அவள் இருந்த வீட்டைத் தேடிப் போனேன். நான் யார் வீட்டுக்கும் போகிறவள் இல்லை. மூன்றாவது மாடியில் ஒரு அறையில் ஆறு பேர். மொட்டை மாடியில் யூனிஃபார்ம் துவைத்துக்கொண்டிருந்தாள். மெமோவைப் பார்த்தேன் என்று சொன்னதும் குழாயை மூடினாள்.

“ஒரு வருஷம் கெடச்சா டிகிரி முடிஞ்சிரும்னு நீதானே சொன்ன?” என்று கேட்டேன்.

“ஆமாக்கா. ஊருக்குப் போயிட்டா அண்ணன் பொஸ்தகத்தத் தொடவே விடமாட்டான். பரீச்சைக்கு மதுரை வரைக்கும் ஒத்தையில போகணும்ல, அதுக்கெல்லாம் விடவே மாட்டாக.”

“அப்புறம் ஏன்டி இப்படிப் பண்ற? கேட்டிருந்தா நோட்டையே குடுத்திருப்பேனே. ரூம்ல உக்காந்து படிக்க வேண்டியதுதானே?”

“ஸ்டெல்லாக்காட்ட ஒரு நா வாங்கிப் படிச்சுப் பாத்தேன்.” துணியை முறுக்கிப் பிழிந்தாள். “அது வேறக்கா.”

“என்ன வேற?”

அவள் அடுத்த சட்டையை எடுத்தாள். இனிமேல் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்று சத்தியம் பண்ணச் சொன்னேன். மற்ற நாள் எதற்கும் வரமாட்டேன், முடிவு வாசிக்கிற அன்றைக்கு மட்டும் வந்துவிடுவேன் என்றாள். அதுதான் மூன்றாவது என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவள் கடைசிச் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பிச் சொன்னாள்: “ஒத்தையில படிச்சா அவ அழுகுறது மட்டும்தான்க்கா கேக்குது. பஸ்ஸுல பதினஞ்சு பேரு ஐயோ பாவின்னு சொல்றப்பதேன் நானும் அங்கன நிக்கிற மாதிரி இருக்கு.”

பன்னிரண்டு நிமிடம்

கதையை முடித்தே ஆக வேண்டும். அவள் ஷிஃப்ட் மாற்றாமலும் இருக்க வேண்டும், பஸ்ஸோடு சேர்ந்து கேட்கவும் வேண்டும். திங்கட்கிழமை ஸ்டெல்லா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இழுத்ததைத் தவிர. அவர்தான் வழி கண்டுபிடித்தார். மதிய ஷிஃப்ட் பஸ் ஒன்றேகாலுக்கு வருகிறது. வருகிறவர்கள் கேன்டீனில் சாப்பிட்டுவிட்டுத்தான் லைனுக்குப் போவார்கள். காலை ஷிஃப்ட்டின் கடைசிச் சாப்பாட்டு பேட்ச் ஒன்றரைக்கு லைனில் இருக்க வேண்டும். முத்துலட்சுமி கார்டு தேய்த்து, பையை லாக்கரில் வைத்துவிட்டு வர மூன்று நிமிடம். மீதி பன்னிரண்டு நிமிடம். ஷிஃப்ட் மாற்றினால்தான் மெமோ, சாப்பாட்டு பேட்ச் மாற்றிக்கொண்டால் கிடையாது. ஏழாம் நம்பர் பஸ்ஸில் பதினான்கு பேர் அந்த ஒரு நாளுக்குப் பேட்ச் மாற்றிக்கொண்டார்கள்.

நான் எழுதி வைத்திருந்த முடிவு இருபது பக்கம். பிள்ளைப்பாக்கம் ஸ்டாப்பில் நின்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தோம். முப்பத்தாறு நிமிடம். அரண்மனையில் நடந்த வாள் சண்டையை எடுத்தேன், எட்டு நிமிடம் போயிற்று. அரசர் கொடுத்த தீர்ப்பு, முரசு, மாலை, ஊர்வலம் எல்லாம் போயிற்று. ஏரியில் விழுந்த நிலவைப் பற்றி இரண்டு பக்கம். மூன்று மாதம் திருத்தித் திருத்தி எழுதியது. அதைத் தொடும்போது கை நின்றது. “இன்னும் ரெண்டு நிமிசம் எறங்கணும் கண்ணு, அந்த நெலாவத் தூக்கு” என்றார் அக்கா. தூக்கினேன்.

மீதி இருந்தது இவ்வளவுதான். நங்கை மதகைத் திறந்துவிட்டிருக்கிறாள். கரையில் யாரோ வந்து நிற்பது அவளுக்குத் தெரிகிறது. யாரென்றும் தெரிகிறது. தண்ணீர் கடைசி வயலுக்குப் போய்ச் சேரும்வரை அவள் திரும்பவில்லை. அவனும் கூப்பிடவில்லை. மதகை இறக்கிய பிறகு, “எல்லையை எங்கே வெட்டினாய்?” என்று கேட்கிறாள். “வெட்டவில்லை” என்கிறான். அவ்வளவுதான்.

அன்று ஒன்று பதினெட்டுக்கு முத்துலட்சுமி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். கடைசி மேஜையில் அவளுக்கு இடம் வைத்திருந்தார்கள். ஸ்டெல்லா அக்கா நின்றுகொண்டு படித்தார். வழக்கமாகச் சொல்கிற “ஐயோ”வை அன்று ஒருவரும் சொல்லவில்லை. தண்ணீர் ஒவ்வொரு வயலாகப் போகப் போக மேஜையில் அசைவே இல்லாமல் போயிற்று. முத்துலட்சுமி பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்று இருபத்தொன்பதுக்கு முடிந்தது. ஒரு நிமிடம் மிச்சம் இருந்தது. சோற்று வாளியோடு வந்து நின்ற கேன்டீன் அம்மா கேட்டார்: “வந்துட்டானா, இல்லியா? யாராச்சும் சொல்லுங்கடி, நா அந்தாண்ட தட்டு கழுவினு இருந்தேன், காதுல வுழல.”

நிலுவை இல்லை

மாதக் கடைசியில் நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டினார்கள். அவள் மூன்றாவது முறை மாற்றவே இல்லை. ஆனாலும் பெயர் இல்லை. ஆர்டர் குறைந்துவிட்டது, பாதிப் பேரைத்தான் வைத்துக்கொண்டார்கள், மெமோதான் காரணம் என்று சொல்ல முடியாது என்றார் பிரபு சார். இருக்கலாம். ஆனால் பெயர் வந்தவர்களின் ஃபைல்களும் என்னிடம்தான் இருக்கின்றன. ஒன்றிலும் மெமோ இல்லை.

வேலையை விட்டுப் போகிறவர்கள் ஒவ்வொரு பிரிவாகப் போய், இங்கே நிலுவை எதுவும் இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். முத்துலட்சுமி படிவத்தோடு என் மேஜைக்கும் வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. மறுநாள் காலை ரயிலாம்.

“பரீச்சை?” என்று கேட்டேன்.

“பணம் கட்டியிருக்குக்கா. பாப்போம்” என்றாள். பார்ப்போம் என்றால் என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

கையெழுத்துப் போடாமல் பேனாவை வைத்துக்கொண்டு அவளிடம் சொன்னேன். கதை அந்த லாரி மறித்த அன்றைக்கே முடிந்திருந்தது. நோட்டு என் பையில் இருந்தது. பஸ்ஸில் என்னோடு யாராவது பேச வேண்டும் என்பதற்காகப் பத்தொன்பது அத்தியாயம் இழுத்தேன். அதற்காக நீ ஷிஃப்ட் மாற்றினாய். இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. பிரபு சார் காகிதத்தைப் பார்ப்பது போல எழுந்து வெளியே போனார்.

அவள் குனிந்து படிவத்தின் மடிந்த முனையை நீவி நேராக்கினாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தப்பு என்னுதுதான்” என்றேன். “புத்தகமா வரும்போது அந்தப் பத்தொன்பதையும் எடுத்துடப்போறேன். ஒல்லியா இருந்தா இருக்கட்டும். இல்ல, பதிப்பாளர் போடாமலே போகட்டும்.”

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். படிவத்தை என் பக்கம் நகர்த்தி, கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு சொன்னாள்: “அதை எடுத்துட்டா எப்படிக்கா? நான் மெமோ வாங்குனதே அந்தப் பத்தொம்பதுக்குத்தான? அதையும் வெட்டிப்புட்டா, நான் எதுக்கு ஊருக்குப் போறேன்னு யாருக்கும் தெரியாமப் போயிரும்ல?”

ஆகவே, எழுதி மாட்டிக்கொண்டவர்களே, ஒரு சரித்திரக் காதல் நாவல் எத்தனை அத்தியாயம் இருக்கலாம் என்று என்னைக் கேட்டால் நாற்பத்து நான்கு என்பேன்: இருபத்தைந்து கதைக்கு, பத்தொன்பது என்னால் திருப்பித் தர முடியாத ஒரு வருடத்துக்கு.